ரத்த வாந்தி எடுத்தவனெல்லாம் குடிகாரனா?

எங்கள் வில்லியனூர், பாகூர் பக்கம் யாராவது ரத்த வாந்தி எடுத்தால் ஊர் அப்போதே தீர்ப்பு சொல்லிவிடும். "குடிச்சிக் குடிச்சி ஈரல் வெந்து போச்சு!" தமிழ்நாட்டில் இல்லாத சாராயக்கடை இங்கே உண்டு, அதனால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். சரி, பத்து வயசுப் பையன் ரத்த வாந்தி எடுத்தால்?

எடுக்கிறார்கள். ஈரல் நன்றாக இருந்தும் எடுக்கிறார்கள். குடல், மண்ணீரல் இரண்டிலிருந்தும் ரத்தத்தை ஈரலுக்குக் கொண்டுபோகும் பெரிய குழாய்க்குப் போர்ட்டல் சிரை என்று பெயர். ஈரலுக்கு வரும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு இது வழியாகத்தான் வருகிறது. அதில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால் ரத்தம் வேறு வழி தேடும். உணவுக்குழாயில் இருக்கும் மெல்லிய நரம்புகள் வீங்கி, ஒருநாள் வெடிக்கும். மண்ணீரலும் பெருத்துவிடும்.

இதைப் புரிந்துகொள்ள மருத்துவர்களுக்கே பல வருஷம் ஆனது. 1860களின் கடைசியில் எடின்பரோவில் பால்ஃபர், ஸ்டூவர்ட் என்ற இரண்டு டாக்டர்கள் இந்த அடைப்பை விவரித்து எழுதினார்கள். ஆனால் அடுத்து வந்த இத்தாலியின் பாந்தி, குற்றவாளி மண்ணீரல்தான் என்றார். 'பாந்தி நோய்' என்று பெயரும் வந்தது. மண்ணீரலை வெட்டி எடுத்தார்கள். அடைப்பு அப்படியே இருந்ததால் பலருக்கு மறுபடியும் ரத்தம் கொட்டியது.

1945ல் நியூயார்க்கின் விப்பிள்தான் கணக்கைச் சரியாகப் போட்டார். பிரச்சினை குழாயில் ஏறும் அழுத்தம். அடைப்பு ஈரலுக்குள்ளேயும் இருக்கலாம் (சிரோசிஸ் அப்படித்தான்), ஈரலுக்கு வெளியேயும் இருக்கலாம். ரத்தத்தை வேறு சிரைக்குத் திருப்பிவிடும் ஆபரேஷன்கள் அதன் பிறகு பரவின.

நம் நாட்டில் குழந்தைகளின் ரத்த வாந்திக்கு இந்த வெளி அடைப்பு ஒரு முக்கியக் காரணம். பிறந்த குழந்தையின் தொப்புளில் சீழ் பிடித்தால் கிருமி தொப்புள் சிரை வழியாகப் போர்ட்டல் சிரைக்குப் போய்விடலாம். தொப்புளில் சாம்பல், சாணி வைக்கும் பழைய வழக்கம் எவ்வளவு ஆபத்தானது பாருங்கள்! பல குழந்தைகளுக்குக் காரணம் தெரிவதே இல்லை. பெரியவர்கள் சிலருக்கு எலும்பு மஜ்ஜையில் வரும் ஜாக்2 என்ற மரபணு மாற்றம் காரணம். அது 2005ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

இப்போது டாப்ளர் ஸ்கேனில் அடைப்பு தெரிந்துவிடும். எண்டோஸ்கோப்பி வழியாக வீங்கிய நரம்பில் ரப்பர் வளையம் மாட்டி ரத்தத்தை நிறுத்துகிறார்கள். ஈரல் கெடாததால், சரியான நேரத்தில் வந்தால் சிரோசிஸ்காரரை விட இவர்கள் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

அந்த 'சரியான நேரம்' என்பதில்தான் ஊர்ப் பேச்சு குறுக்கே நிற்கிறது. குடிக்கவே தெரியாத மனுஷன், "குடிகாரன்னு சொல்லுவாங்க" என்று பயந்து மறைத்தால் உயிர் போய்விடும். குடித்தவர் என்றாலும் அதே அவசரம்தான். ரத்த வாந்தி வந்தாலோ, தார் மாதிரி கறுப்பாக மலம் போனாலோ, 108க்கு போன் போடுங்கள். ஜிப்மர் கோரிமேட்டில்தான் இருக்கிறது. குடித்தாரா இல்லையா என்ற விசாரணையை டாக்டர் பார்த்துக்கொள்வார்.