எங்கே நிறுத்துவது? தீவிர சிகிச்சையில் இன்சுலின்: சிட்னி, மெல்பர்ன் ஆய்வுகளின் வழியே

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவரின் ரத்தச் சர்க்கரை 170 என்று கேள்விப்பட்டால், வெளியே காத்திருக்கும் உறவினர்கள் பதறிப்போகிறார்கள். அதை 100க்கு இறக்கிவிடக் கூடாதா என்று கேட்கிறார்கள். 2001 முதல் எட்டு ஆண்டுகள் உலகெங்கும் மருத்துவர்கள் பலரும் அப்படித்தான் எண்ணினார்கள். அந்த எண்ணத்தை மாற்றியதில் ஆஸ்திரேலியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்சுலினை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியை அந்நாட்டு ஆய்வாளர்கள் விடாமல் கேட்டதே அதற்குக் காரணம் என்பது என் கருத்து.

மெல்பர்னின் பார்க்வில் பகுதியில் இருந்த காமன்வெல்த் சீரம் ஆய்வகம் 1923லேயே இன்சுலின் தயாரிக்கத் தொடங்கிவிட்டது. டொராண்டோவில் முதல் நோயாளிக்கு இன்சுலின் செலுத்தி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. மருந்து சீக்கிரம் கிடைத்தது. அளவு பற்றிய தெளிவு வர அரை நூற்றாண்டு பிடித்தது. நீரிழிவு முற்றி, ரத்தம் அமிலமாகி, நினைவு தவறி வருபவர்களுக்கு நூற்றுக்கணக்கான யூனிட் இன்சுலினை ஊசி ஊசியாகப் போடுவதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது.

1974இல் சிட்னி கார்வன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிட்சன், கேசி, கிரேகன், லாசரஸ் ஆகியோர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடும் நீரிழிவுக்கு இன்சுலினைச் சிறிது சிறிதாக, இடைவிடாமல் நரம்பு வழியே செலுத்தும் முறை பற்றியது அது. பிரிட்டனிலும் அதே ஆண்டுகளில் இத்தகைய முயற்சிகள் நடந்தன. இன்சுலின் பாட்டிலிலும் குழாயிலும் ஒட்டிக்கொள்வதால் நோயாளியைச் சேரும் அளவு குறைந்துவிடுமே என்ற சிக்கலையும் சிட்னிக் குழு விடவில்லை. எந்தக் கரைசலில் கலந்தால் இழப்பு குறையும் என்பதை அடுத்த ஆண்டே ஆராய்ந்து எழுதியது. மணிக்கு இத்தனை யூனிட் என்று இன்று தீவிர சிகிச்சைப் பிரிவின் (ஐ.சி.யூ.) பம்பில் இன்சுலின் ஓடுவதற்குப் பின்னால் இந்தப் பொறுமையான வேலையும் இருக்கிறது.

அடுத்த திருப்பம் பெல்ஜியத்தில் நேர்ந்தது. லூவன் நகர மருத்துவமனையின் அறுவை ஐ.சி.யூ.வில் கிரேட் வான் டென் பெர்ஹெ 1,548 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2001இல் வெளியானது. சர்க்கரையை டெசிலிட்டருக்கு 80 முதல் 110 மில்லிகிராமுக்குள் இறுக்கிப் பிடித்ததும், ஐ.சி.யூ. மரணம் 8.0 விழுக்காட்டிலிருந்து 4.6 ஆகக் குறைந்தது. இது பெரிய செய்திதான். ஆனால் அது ஒரே மருத்துவமனையின் ஆய்வு. நோயாளிகளில் பெரும்பாலோர் இதய அறுவை செய்துகொண்டவர்கள். தொடக்கத்திலிருந்தே நரம்பு வழியாக அவர்களுக்குக் குளுக்கோஸ் தாராளமாக ஏற்றப்பட்டது. இவற்றை எடைபோடாமலேயே பல நாடுகளின் மருத்துவமனைகள் அந்த இலக்கை வரித்துக்கொண்டன.

ஆஸ்திரேலிய, நியூசிலாந்து தீவிர சிகிச்சை ஆய்வுக் குழு அவசரப்படவில்லை. நோயாளிகளுக்கு ஏற்றும் திரவங்களான ஆல்புமினையும் உப்புநீரையும் ஏறத்தாழ 7,000 பேரிடம் ஒப்பிட்டு 2004இல் முடிவு வெளியிட்ட அனுபவம் அதற்கு இருந்தது. அதே குழு கனடா மருத்துவர்களோடு சேர்ந்து அவ்வாண்டு டிசம்பரில் 'நைஸ்-சுகர்' ஆய்வைத் தொடங்கியது. சிட்னியின் ஜார்ஜ் நிறுவனம் ஒருங்கிணைத்தது. சைமன் ஃபின்ஃபர் தலைமை ஏற்றார். 42 மருத்துவமனைகள், 6,104 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு இலக்கு 81 முதல் 108 வரை. மற்றதற்கு 180 அல்லது அதற்குக் கீழ்.

2009 மார்ச்சில் முடிவு வந்தது. 90 நாட்களுக்குள் இறுக்கப் பிரிவில் 829 பேரும் மற்றப் பிரிவில் 751 பேரும் இறந்திருந்தனர், அதாவது 27.5 விழுக்காடும் 24.9 விழுக்காடும். சர்க்கரை 40க்கோ அதற்குக் கீழோ சரிந்தவர்கள் இறுக்கப் பிரிவில் 6.8 விழுக்காடு, மற்றதில் 0.5 விழுக்காடு மட்டுமே. நல்லது செய்வதாக நம்பிச் செய்த சிகிச்சையின் பக்கம் 78 மரணங்கள் கூடுதல். இந்த எண்ணை நான் எளிதில் கடந்துபோக முடிவதில்லை.

காரணத்தை முழுமையாக நிறுவுவது கடினம். மயக்க மருந்தில் இருப்பவர், சர்க்கரை இறங்கும்போது வரும் வியர்வையையும் நடுக்கத்தையும் படபடப்பையும் சொல்ல முடியாது. விரல்நுனிக் கருவிகளோ ரத்தசோகையிலும் அதிர்ச்சி நிலையிலும் பிழையான அளவு காட்டக்கூடும். மிதமான தாழ்சர்க்கரைகூட மரண வாய்ப்பு கூடுவதோடு தொடர்புடையது என்று 2012இல் அதே ஆய்வுத் தரவுகள் காட்டின; ஆனால் தாழ்சர்க்கரைதான் மரணத்தை விளைவித்தது என்பதற்கு அது சான்றாகாது.

நைஸ்-சுகரில் ஐந்தில் ஒருவருக்கே நீரிழிவு இருந்தது. நோயின் தாக்கத்தால் திடீரெனச் சர்க்கரை ஏறியவரையும் இருபது ஆண்டுகளாக 200ஐ ஒட்டியே வாழ்ந்து பழகியவரையும் ஒரே இலக்கில் நிறுத்தலாமா? மெல்பர்னின் ஆஸ்டின் மருத்துவமனையைச் சேர்ந்த ரினால்டோ பெல்லோமோவும் ஜப்பானிய மருத்துவர் மொரிடோகி எகியும் இதைக் கையில் எடுத்தார்கள். ஐ.சி.யூ.வில் சேர்ந்த 415 நீரிழிவு நோயாளிகளின் பழைய பதிவுகளை ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7 விழுக்காட்டுக்கு மேல் இருந்தவர்களிடம், ஐ.சி.யூ.வில் சர்க்கரை சற்றே கூடுதலாக இருந்தபோது மரணம் குறைவாகக் காணப்பட்டது. எச்பிஏ1சி 9 உள்ளவருக்குச் சராசரிச் சர்க்கரை 210ஐத் தாண்டியே இருக்கும். அவருக்கு 110 என்பது உடல் அறியாத பள்ளமாக இருக்கலாம்.

பழைய பதிவு சிகிச்சையைத் தீர்மானிக்காது. குலுக்கல் முறைச் சோதனை வேண்டும். மெல்பர்னின் ஆடம் டீன் உள்ளிட்டோர் நடத்திய 'லூசிட்' ஆய்வு 2022இல் வெளிவந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 419 பேரில் ஒரு பிரிவுக்கு இலக்கு 180 முதல் 252 வரை. மற்றதற்கு 108 முதல் 180 வரை. தாழ்சர்க்கரை 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் 90 நாள் மரணம் தளர்வான பிரிவில் 29.5 விழுக்காடு, வழக்கமான பிரிவில் 24.9. இந்த வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம். மரண விகிதம் பற்றி முடிவு சொல்லும் அளவுக்கு ஆய்வு பெரிதல்ல. என்றாலும், தங்கள் ஊகத்துக்குச் சாதகமில்லாத இந்த எண்ணையும் அவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மையைப் பெரிதாக மதிக்கிறேன்.

ஆகவே 180ஐத் தாண்டினால் இன்சுலின் தொடங்குவது என்ற வழக்கமே பரவலாக நீடிக்கிறது. எச்பிஏ1சி மிகுந்தவர்களுக்குத் தனி இலக்கு வேண்டுமா என்பதைத் தீர்க்க, மரணத்தையே அளவுகோலாகக் கொண்டு பல ஆயிரம் பேரிடம் நடத்தும் சோதனை தேவை. நீரிழிவு இளவயதிலேயே வந்துசேரும் தென்னாசியர்கள், சிட்னியிலும் மெல்பர்னிலும் வாழும் தமிழர்கள் உட்பட, அதில் போதிய எண்ணிக்கையில் இடம்பெறவும் வேண்டும்.