கேட்ட செவிகளும் கண்ட கண்களும்

இசை வித்துவான் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர் பிறந்த ஊரையும், பயின்ற குருவையும், பெற்ற பட்டங்களையும் முறையாக எழுதி முடிப்பர். அவரை நேரிற் கேட்டவர்களின் வரலாற்றை எழுதுவோர் மிகச் சிலரே. வாசித்தவர் ஒருவர், கேட்டவரோ ஆயிரம் பேர். கச்சேரி முடிந்ததும் அந்த ஆயிரம் பேரும் வீடு திரும்புகின்றனர். அவர்கள் எதை எடுத்துச் சென்றனர்? அதை எத்தனை ஆண்டு வைத்திருந்தனர்? பேரப்பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லினர்? நாகசுரச் சக்கரவர்த்தி எனத் தமிழுலகம் போற்றிய திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையை முன்வைத்து, ஊவா மலைத் தோட்டமொன்றில் நான் கேட்டு வளர்ந்த நினைவுகளின் துணையுடன், இவ்வினாக்களுக்கு விடை தேட முயல்கின்றேன்.

முதலில் அவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். இராஜரத்தினம் பிள்ளை 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் தஞ்சைத் தரணியிலுள்ள திருமருகலிற் பிறந்தார். மாமன் திருமருகல் நடேச பிள்ளை பெயர்பெற்ற நாகசுர வித்துவான். இளமையில் வாய்ப்பாட்டும் பயின்ற பிள்ளையவர்கள் பின்னர் திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக விளங்கினார். 1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் இரவு, பாரதம் விடுதலை பெறும் வேளையில், நேரு அவர்களிடம் ஆதீனத்தின் சார்பிற் செங்கோல் அளிக்கப்பட்டபோது உடன் சென்று வாசித்தவர் அவரே. 1940இல் வெளிவந்த ‘காளமேகம்’ என்னும் படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். 1956ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் சென்னையிற் காலமானார்.

அவர் காலத்துக்கு முன் பெரிதும் வழங்கியது திமிரி எனப்படும் குட்டையான நாகசுரம். அதன் நாதம் கூரியது, உச்சத்தில் ஒலிப்பது. நரசிங்கம்பேட்டை இரங்கநாத ஆசாரியாரின் கைவண்ணத்தில் நீண்ட பாரி நாகசுரம் செம்மையுற்றது. பிள்ளையவர்கள் அதனைக் கையாண்டு, ஆழமும் குளிர்ச்சியும் உள்ள நாதத்தை உலகுக்கு உணர்த்தினார். சுருதிக்கு ஒத்து ஊதும் வழக்கத்தை விடுத்துத் தம்பூராவை வைத்துக்கொண்டார். தோடி இராகத்தை மணிக்கணக்காக விரித்து வாசித்தார் என்று அக்கால இரசிகர் அனைவரும் ஒருமுகமாகக் கூறுவர்.

அவருடைய தோடி இசைத்தட்டிலும் வந்தது. ஆனால் அக்காலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் அல்லது அதற்குச் சற்றே மிகுதியாகத்தான் ஓடும். இரவு முழுதும் பெருகும் ஆற்றை ஒரு செம்பில் முகந்து கொடுத்தது போன்றது அது. ஆகவே தட்டிற் கேட்டவர் ஒரு வகையினர். நேரிற் கேட்டவர் வேறொரு வகையினர். இரண்டாம் வகையினர் முதல் வகையினரைச் சற்று இரக்கத்தோடுதான் நோக்கினர்.

தேயிலை மலையில் வாழ்ந்த தொழிலாளி இவரை எங்ஙனம் நேரிற் கேட்டிருக்க முடியும் என நேயர்கள் வினவலாம். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியது. 1924இல் மலைநாட்டுப் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. அதன்பின், கையிற் சிறிது பணம் சேர்த்தவர், திருமணம், சாவு, குலதெய்வ வழிபாடு என்று ஏதேனும் ஒரு காரணம் பற்றி ஊருக்குப் போய் வருதல் இயலக்கூடியதாயிற்று. பதுளையில் ஏறிப் பொல்காவலையில் மாறி, தலைமன்னாரிற் கப்பலேறி, அக்கரையில் மீண்டும் புகையிரதம் பிடித்துச் செல்லவேண்டும். போனவர் திரும்பி வரும்போது துணிமணியும் பலகாரமும் மட்டுமன்றிக் கதைகளும் கொண்டுவந்தனர்.

அவ்வாறு சென்று வந்தவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். நமுனுகுல மலையடிவாரத்துத் தோட்டமொன்றிற் கவ்வாத்து வெட்டியவர் அவர். 1930களின் பிற்பகுதியில், தம் தமக்கையின் திருமணத்தை முன்னிட்டுக் கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள ஊருக்குச் சென்றிருந்தார். பக்கத்து ஊரிற் பெரும் பண்ணையார் வீட்டுத் திருமணம்; இராஜரத்தினம் பிள்ளையின் கச்சேரி. பந்தலுக்குப் புறத்தே, மாட்டுவண்டிகளை அவிழ்த்துவிட்ட இடத்தில் நின்று, பாட்டனார் விடியும்வரை கேட்டார்.

பேராதனையில் வரலாறு பயின்றுகொண்டிருந்த காலத்தில் நான் விடுமுறைக்கு வந்திருந்தபோது அவரிடம் கேட்டேன்: “தாத்தா, அன்றைக்கு அவர் என்ன இராகம் வாசித்தார்? தோடியா?”

அவர் சிரித்தார். “ராகம் எனக்கு என்னடா தெரியும்? அந்த மனுசன் கோட்டுப் போட்டுக்கிட்டு மேடையில ஒக்காந்திருந்தாரு. மிராசுதாருங்க எல்லாம் கீழ ஜமக்காளத்துல ஒக்காந்திருந்தாங்க. அதத்தான் நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

அப்போது எனக்குச் சிறிது ஏமாற்றமாகவே இருந்தது. இத்துணைப் பெரிய கலைஞரைக் கேட்டவர், கேட்டதை விட்டுக் கண்டதைச் சொல்கின்றாரே என எண்ணினேன். அந்த விடையின் பொருள் பல ஆண்டுகள் சென்ற பின்னரே எனக்கு விளங்கிற்று.

பழைய நாளில் நாகசுரக் கலைஞர் மேலுடம்பிற் சட்டையின்றி, துண்டை இடுப்பிற் கட்டி, சுவாமி முன்னும் செல்வர் முன்னும் நின்றோ நடந்தோ வாசிப்பதே வழக்கம். வாய்ப்பாட்டு வித்துவானுக்கு மேடை உண்டு; நாகசுர வித்துவானுக்குத் தெருவே மேடை. இந்த வழக்கத்துக்கு இராஜரத்தினம் பிள்ளை உடன்படவில்லை. தலைமயிரைக் கிராப்பு வெட்டிக்கொண்டார். சட்டையும் கோட்டும் அணிந்தார். மேடையில் அமர்ந்து வாசித்தார். அவரிடம் பிடிவாதமும் மனம்போன போக்கும் மிகுதி என்று குறைகூறியோரும் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் தம் கலைக்குரிய இருக்கையை அவர் யாரிடமும் இரந்து பெறவில்லை.

இதனைக் கண்டவர் யார்? துரை வரும் வழியில் ஒதுங்கி நின்று, குடையை மடக்கி, தலைப்பாகையைக் கழற்றிக் கையிற் பிடிக்க வேண்டும் என்ற தோட்டத்து நடைமுறையில் வளர்ந்த இருபத்திரண்டு வயது இளைஞர். கணக்கப்பிள்ளையின் முன்னும் உட்கார்ந்தறியாதவர். அவர் கண்முன்னே, நின்று வாசிக்க வேண்டியவர் எனப் பிறரால் விதிக்கப்பட்ட ஒருவர் அமர்ந்திருந்தார்; அமர்ந்திருக்க வேண்டியவர் கீழே இருந்தனர். அன்று அவர் கேட்ட இராகம் அதுதான். செவிவழிப் புகுந்த நாதம் காலப்போக்கில் மங்கியிருக்கலாம். கண்வழிப் புகுந்த நீதி மங்கவில்லை.

பிற்காலத்தில் ஆசிரியனாகிப் பின் அதிபரான நான், மேல் வகுப்பு மாணவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். தத்தம் வீட்டு முதியோரிடம் சென்று, அவர்கள் நேரிற் கேட்ட பெரிய வித்துவான்களைப் பற்றிக் கேட்டு எழுதிவர வேண்டும். பசறை, ஹாலிஎல, தெமோதரைப் பக்கத்துப் பிள்ளைகள் கொண்டுவந்த தாள்களில் இராஜரத்தினம் பிள்ளையின் பெயர் மும்முறை வந்திருந்தது. ஒருவர் கோட்டுக் கறுப்பு என்றார். மற்றொருவர் வெள்ளைப் பட்டு என்றார். மூன்றாமவரோ, 1958ஆம் ஆண்டுக் கலவரத்துக்கு அடுத்த ஆண்டிற் பதுளை நகரிலேயே அவரைக் கேட்டதாகச் சாதித்தார். 1956இற் காலமானவர் 1959இல் வந்து வாசித்திருக்க இயலாது. அவர் கேட்டது பிள்ளையவர்களின் மாணாக்கரையோ, அல்லது நம் நாட்டுக் கலைஞர் ஒருவரையோ ஆகலாம்.

மாணவர் சிரித்தனர். “ஐயா, இது பொய்தானே?” என்றான் ஒருவன். பொய்யுமன்று, முழுமெய்யுமன்று என்றேன். நினைவு என்பது பத்திரமன்று, அது விதை. விழுந்த நிலத்துக்கு ஏற்றவாறு முளைக்கும். ஆண்டையும் இடத்தையும் அறிய நாம் பத்திரங்களை நாடவேண்டும். மக்கள் எதைப் பெரிதென்று மதித்தனர் என்பதை அறிய நினைவைத்தான் நாடவேண்டும். மூவரும் நிறத்தில் மாறுபட்டனர், ஆண்டில் மாறுபட்டனர்; ஆனால் மூவருமே ‘அவர் உட்கார்ந்துதான் வாசித்தார்’ என்பதைச் சொல்ல மறக்கவில்லை.

இது நமக்கு மட்டும் உரிய இயல்பன்று. அமெரிக்க நாட்டின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் பட்டி போல்டன் என்னும் கறுப்பினக் கலைஞர் வாழ்ந்தார். ஜாஸ் இசையின் முன்னோடி எனப் போற்றப்படுபவர், 1931இல் இறந்தார். அவர் வாசித்த இசைத்தட்டு ஒன்றேனும் இன்று கிடைக்கவில்லை. அவருடைய கொம்பின் முழக்கம் எவ்வளவு தொலைவு கேட்டது என்று முதியோர் சொன்ன கதைகளே அவருக்கு எஞ்சிய வரலாறு. கிற்றார் வித்தகர் ஜிமி ஹென்றிக்ஸ் 1969ஆம் ஆண்டு வூட்ஸ்ரொக் விழாவில் வாசித்த கதையும் எண்ணத்தக்கது. ஞாயிறு இரவு முடியவேண்டிய விழா நீண்டு, திங்கட்கிழமை காலையில்தான் அவர் மேடையேறினார். திரண்டிருந்த இலட்சக்கணக்கானோரிற் பெரும்பாலோர் அதற்குள் கலைந்து சென்றுவிட்டனர். அவர் வாசித்தது படமாக்கப்பட்டு உலகெங்கும் பரவியபின், அன்று அங்கே நேரில் நின்றது ஒரு பெருமையாயிற்று. போல்டனுக்குப் பதிவில்லை, நினைவு உண்டு. ஹென்றிக்ஸுக்குப் பதிவும் உண்டு, நினைவும் உண்டு. பதிவு இருந்தும் மக்கள் ‘நான் நேரிற் கண்டேன்’ என்று சொல்லவே விரும்புகின்றனர். அந்தச் சொல்லிற் கலைஞரோடு தாமும் ஓரிடம் பெறுகின்றனர்.

நம் மலையகத்திலோ, நினைவைச் சுமந்தவர்களே பிரிக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் எம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் ஒப்பமிடப்பட்ட சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அண்ணன் அக்கரை, தம்பி இக்கரை என்றாயிற்று. பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு பதுளையிற் புகையிரதமேறியவர்கள் தங்கள் கதைகளையும் கட்டிக்கொண்டே போயினர். கேட்பதற்குப் பேரப்பிள்ளை இங்கே. சொல்வதற்குப் பாட்டி அங்கே.

நேயர்களே, இவ்விடத்தில் உரையை முடித்துவிட்டால், அது என் பாட்டனாருக்கு நான் சூட்டும் மாலையாக மட்டுமே அமையும். ஆனால் வரலாற்று மாணவன் தன் வீட்டையும் விசாரிக்க வேண்டும்.

எங்கள் லயத்தின் கோடி வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். விடியற்காலை பிரட்டுக்குத் தப்படித்தவர். மாரியம்மன் திருவிழாவுக்கும், மாசி மாதத்துக் காமன் கூத்துக்கும், பிறப்புக்கும் இறப்புக்கும் அடித்தவர். பனியில் நனைந்த தோலைத் தீயிற் காய்ச்சி அவர் முதலடி அடித்தால் எதிர்மலை திருப்பிச் சொல்லும். ஒவ்வொரு சடங்குக்கும் ஒவ்வோர் அடி. கேட்ட மாத்திரத்திலேயே லயத்துப் பெண்கள் இது சாவு, இது சாமி என்று அறிந்துகொள்வர். அவரை எவரும் பதிவு செய்யவில்லை. எந்த வானொலியும் அவரை அழைக்கவில்லை. கோயில் வாசலில் அவர் நின்றே அடித்தார். உணவு வேளையில் தனியே, இலையைக் கையில் வாங்கிச் சென்றார்.

இராஜரத்தினம் பிள்ளை அமர்ந்திருந்த காட்சியை வாழ்நாள் முழுதும் நெஞ்சில் வைத்துப் போற்றிய என் பாட்டனார், கோயில் நிருவாகத்தில் ஒருவராக இருந்த காலத்தும், அந்த முதியவருக்கு ஒரு பாய் விரித்ததில்லை. நானும் அதைக் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது இருவருமே இல்லை.

ஒரு கலைஞருக்கு இருக்கை கிடைத்ததைக் கண்டு மகிழ்தல் எளிது. அந்த இருக்கையை நம் வாசலில் நிற்பவருக்கு இடுதல் கடினம். பெரியோரின் கச்சேரியை நேரிற் கண்ட நினைவு நம்மிடம் வந்து சேர்வது பெருமை பேசுவதற்காக மட்டுமன்று. அந்த இரண்டாவது வேலையை நாம் செய்வதற்காகவுந்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலைக் கலைவிழாவில், பக்கத்துத் தோட்டத்துத் தப்புக் கலைஞர் நால்வரை அழைத்திருந்தோம். மேடையில் நாற்காலி இட்டு, முதலில் அவர்களை அமரச் செய்தோம். அவர்களில் மூத்தவர் நாற்காலியின் நுனியில், எழுவதற்கு ஆயத்தமானவர்போலச் சற்று நேரம் இருந்தார். பிறகு மெல்லச் சாய்ந்து உட்கார்ந்தார். அன்று அவர் அடித்த அடிகளுள் எத்தனை எங்கள் மாணவருக்கு நினைவிருக்குமோ அறியேன். அவர் சாய்ந்து உட்கார்ந்தது சிலருக்கேனும் நினைவிருக்கும்.

ஆதலால் நேயர்களே, உங்கள் இல்லத்தில் எழுபது, எண்பது வயது கடந்தவர் இருப்பின், இன்று மாலையே அருகில் அமர்ந்து கேளுங்கள். யாரைக் கேட்டீர்கள், எந்த ஊரில், எந்தத் திருவிழாவில் என்று வினவி, ஒரு கொப்பியிற் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு பிழைத்தால் பின்னர் திருத்தலாம். ஆள் போய்விட்டால் திருத்த வழியில்லை. இராகத்தின் பெயர் தெரியவில்லை என்று அவர் கூறினால் ஏமாற்றமடைய வேண்டாம். மேலும் ஒரு வினாவைக் கேளுங்கள்: அன்று யார் அமர்ந்திருந்தனர்? யார் நின்றுகொண்டிருந்தனர்?

அந்த விடையையும் மறவாமல் எழுதி வையுங்கள்.