தூதர் காதல் கதைகளின் பழைய வரலாறு



உங்கள் பிள்ளைகள் வாசிக்கும் ஆங்கில நாவல்களில் ஒருவகையை நீங்கள் கவனித்திருக்கக்கூடும். பள்ளியில் மர்மமான ஓர் அழகிய இளைஞன். அவனைக் கண்டு அஞ்சியும் ஈர்க்கப்பட்டும் தவிக்கும் ஒரு மாணவி. போகப்போக அவன் விழுந்துபோன தேவதூதன் என்று தெரியவருகிறது. பெக்கா ஃபிட்ஸ்பாட்ரிக்கின் ‘ஹஷ், ஹஷ்’, லாரன் கேட்டின் ‘ஃபாலன்’ ஆகிய இரண்டும் 2009ஆம் ஆண்டில் வெளிவந்தவை. 2005இல் வந்த ‘ட்வைலைட்’ இரத்தக்காட்டேரியைக் காதலனாக்கித் திறந்துவிட்ட வாசலில் தூதர்களும் நுழைந்தார்கள்.

இவற்றைத் தடைசெய்யலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அதற்கு முன், இந்தக் கதை எவ்வளவு பழையது என்பதை நீங்கள் அறியவேண்டும். அதன் விதை நம் வேதாகமத்திலேயே இருக்கிறது.

ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களை எடுத்துப் பாருங்கள். தேவகுமாரர் மனுஷகுமாரத்திகளின் அழகைக் கண்டு, தாங்கள் தெரிந்துகொண்டவர்களை எடுத்துக்கொண்டார்கள்; அக்காலத்தில் இராட்சதரும் இருந்தார்கள். அவ்வளவுதான். அந்தப் பெண்களுக்குப் பெயரில்லை. அவர்கள் சம்மதித்தார்களா என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை.

வேதம் மௌனம் காத்த இடத்தில் ஏனோக்கின் பெயரால் வழங்கும் பழைய யூத நூல் பேசத் தொடங்கியது. அதன் இப்பகுதி கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் பலரின் கணிப்பு. அதில் 200 தூதர்கள் எர்மோன் மலையுச்சியில் இறங்கி, ஒருவரும் பின்வாங்கக் கூடாதென்று ஆணையிட்டுக்கொள்கிறார்கள். குற்றமென்று அறிந்தே செய்ததனால்தான் அந்த ஆணை தேவைப்பட்டது. அவர்களுக்குக் காவலாளர் என்று பெயர். தானியேல் 4ஆம் அதிகாரத்திலும் இப்பெயரைக் காணலாம். அவர்களில் அசாயேல் என்பவன் மனிதருக்கு வாளும் கேடயமும் செய்யக் கற்றுக்கொடுக்கிறான். கண்ணுக்கு மை தீட்டவும் கற்றுக்கொடுக்கிறான். பிறந்த இராட்சதப் பிள்ளைகளோ மனிதர் உழைத்து விளைவித்ததையெல்லாம் தின்று தீர்த்து, பின்பு மனிதரையே தின்னத் தொடங்குகிறார்கள். பூமி முறையிடுகிறது. இதைக் காதல் கதை என்று எவரும் அன்று வாசித்திருக்க முடியாது. வலியவர் எளியவர்மேல் இழைத்த கொடுமையின் கதை இது.

இந்நூலில் என்னை மிகவும் தொட்ட இடம் ஒன்று உண்டு. விழுந்த தூதர்கள் தங்களுக்காக விண்ணப்பம் எழுதித் தரும்படி ஏனோக்கை வேண்டுகிறார்கள். மனிதருக்காகப் பரிந்துபேச வேண்டியவர்கள் நீங்களல்லவா, உங்களுக்காக மனிதன் பரிந்துபேச வருவதென்ன என்பதே மேலிருந்து வரும் பதிலின் சாரம்.

ஆனால் பழி மெல்ல இடம் மாறிற்று. பன்னிரு கோத்திரப் பிதாக்களின் சாசனங்கள் என்னும் நூலில், ரூபன் பேசும் பகுதி, பெண்களே தங்கள் அலங்காரத்தால் காவலாளரை மயக்கினார்கள் என்கிறது. ஏனோக்கின் நூலை வேதமாக மதித்த தெர்த்துல்லியன், நகையையும் சாயத்தையும் விழுந்த தூதர்களின் சொத்தென்று பெண்களைக் கண்டித்தார். 1 கொரிந்தியர் 11:10இல் தூதர்களினிமித்தம் என்று பவுல் சொல்வதையும் அவர் இக்கதையோடு இணைத்தே பொருள்கொண்டார். ஆராதனையில் முக்காடிடும் நம் தாய்மார், அந்த வசனத்துக்குப் பின்னால் இத்தனை நீண்ட வழக்கு இருப்பதை அறிந்திருப்பார்களோ என்னவோ! இறங்கி வந்தவர்களின் பாவத்துக்கு எடுக்கப்பட்டவர்கள் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

பின்னர் அகஸ்தீன் தேவகுமாரர் என்பதைச் சேத்தின் சந்ததியார் என்று விளக்கினார். மேற்கத்திய சபையில் அதுவே நிலைத்தது. யூதாவின் நிருபம் ஏனோக்கின் நூலிலிருந்து எடுத்தாண்டிருந்தும், அந்நூல் மேற்கில் மறைந்துபோயிற்று. எத்தியோப்பிய சபை மாத்திரம் அதைத் தன் வேதாகமத்திலேயே வைத்துக் காத்தது. ஜேம்ஸ் புரூஸ் என்னும் ஸ்காட்லாந்துப் பயணி 1773இல் அதன் பிரதிகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார். ஆக்ஸ்போர்டில் எபிரெயப் பேராசிரியராயிருந்த ரிச்சர்ட் லாரன்ஸ் 1821இல் ஆங்கிலமாக்கினார். அதன் அரமேயத் துண்டுகள் 20ஆம் நூற்றாண்டில் கும்ரான் குகையிலும் கிடைத்தன.

ஆங்கிலமாகி இரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவே கவிஞர்கள் இக்கருவைக் கையில் எடுத்தார்கள். பைரன் ‘வானமும் பூமியும்’ என்ற நாடகக் கவிதையையும், தாமஸ் மூர் ‘தூதர்களின் காதல்கள்’ என்ற கவிதையையும் வெளியிட்டார்கள். மூரின் கவிதைக்கு எதிர்ப்பு எழுந்தபோது, ஐந்தாம் பதிப்பில் தம் தூதர்களை இஸ்லாமிய மரபைச் சேர்ந்தவர்களாக மாற்றிவிட்டார். தன் வீட்டுக் குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளும் வழக்கம் கவிஞர்களுக்கும் உண்டு போலும். எப்படியோ, ஏனோக்கின் நூலில் கொடுமையாக இருந்தது இங்கே ஏக்கமாயிற்று.

இன்றைய நாவல்கள் அந்த ஏக்கத்தின் வாரிசுகள். ‘ஃபாலன்’ நாயகன் பெயர் டேனியல் கிரிகோரி. ஏனோக்கின் பெயரிலுள்ள இன்னொரு நூல், ஸ்லாவிய மொழியில், காவலாளருக்கு வைத்த பெயரே கிரிகோரி. அவன் காதலி பிறவிதோறும் 17 வயதில் மடிகிறாள். அவன் நித்தியமாய் வாழ்கிறான். ‘ஹஷ், ஹஷ்’ நாயகன், தான் மனிதனாவதற்காக அவளைக் கொல்லும் எண்ணத்தோடே அருகில் வருகிறான். பின் மனம் மாறுகிறான். அவன் மனம் மாறியதே அன்பின் சான்றாக வாசகியின் முன் வைக்கப்படுகிறது.

என் கலக்கம் இங்கேதான். தூதர்கள் காதலிப்பார்களா என்பதில் அன்று. உயிர்த்தெழுதலில் கொள்வனை கொடுப்பனை இல்லை என்று நம் ஆண்டவர் மத்தேயு 22இல் தீர்த்துச் சொல்லிவிட்டார். அச்சுறுத்துகிறவன் அழகனாயிருந்தால் அந்த அச்சமே காதல் என்று ஒரு பெண்பிள்ளை பழகிக்கொள்வாளோ என்பதே என் கலக்கம். எனினும் இந்நூல்களைப் பிடுங்கி எறிவதை நான் ஆதரிக்கவில்லை. பிடுங்கப்பட்ட புத்தகத்தைப் பிள்ளைகள் கைப்பேசியில் வாசிப்பார்கள். நம்மிடம் பேசுவதைத்தான் நிறுத்துவார்கள்.

வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின், வாலிபர் கூடுகையில் ஆதியாகமம் 6ஐ வாசித்து, ஏனோக்கின் நூல் சொல்வதையும் பேச இருக்கிறோம். பெற்றோரும் வரலாம். இந்நாவல்களை வாசிக்கும் பிள்ளைகள் அவற்றை உடன் கொண்டுவாருங்கள், பைக்குள் ஒளிக்கவேண்டாம்.