துருக்கித் தொப்பி: ஒரு தலையணியின் வழக்கு

பழைய தலையணிகளைத் தேடிச் சேர்ப்பதும், சேர்த்தவற்றை விழா நாட்களில் அணிந்து மகிழ்வதும் இன்று பல நாடுகளில் ஒரு விருப்பக் கலையாக வளர்ந்துள்ளன. தமிழ் முஸ்லிம்களாகிய நம்மிடையே அத்தகைய தேடலில் இறங்குபவர் விரைவிலேயே வந்து நிற்கும் பொருள் ஒன்றுண்டு. செந்நிறக் கம்பளி, தட்டையான உச்சி, உச்சியின் நடுவிலிருந்து தொங்கும் கருங்குஞ்சம். இதனை நம் முன்னோர் துருக்கித் தொப்பி என்றனர். ஹைதராபாத்தார்க்கு இது ரூமி டோப்பி, எகிப்தியர்க்குத் தர்பூஷ், துருக்கியர்க்கு ஃபெஸ்.

இத்தொப்பியைப் பற்றி நம்மவரிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. இது சுன்னத்தான அணியன்று, இதைப் போற்றுவதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்பர் ஒரு சாரார். இது அந்நிய நாட்டு ஆடம்பரம், நாடக மேடைக்கே பொருந்தும் என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆயினும் 1905ஆம் ஆண்டு தமிழ் பேசும் முஸ்லிம் வழக்கறிஞர் ஒருவர் இத்தொப்பியின் பொருட்டு ஓர் உச்ச நீதிமன்றத்தையே எதிர்கொண்டார் என்பதையும், அவர் பின்னே ஒரு சமுதாயமே திரண்டது என்பதையும் நினைக்கும்போது, அந்தப் பாதி உண்மைகள் போதுமானவையாகத் தோன்றவில்லை.

முதலில் இத்தொப்பியின் வயதைப் பார்ப்போம். வட ஆப்பிரிக்க நகரங்களில், குறிப்பாகத் தூனிஸில், இதன் மூல வடிவம் நெடுங்காலமாக வழக்கில் இருந்தது. உதுமானியப் பேரரசில் அது அரசு உடையானதோ 19ஆம் நூற்றாண்டில்தான். சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1826இல் ஜானிஸரிப் படையைக் கலைத்து, புதிய படைக்குப் புதிய உடை வகுத்தார். 1829இல் வெளிவந்த ஆணை அரசு அலுவலரும் தலைப்பாகையை விட்டு இதனை அணிய வேண்டும் என்றது. தலைப்பாகையின் அளவும் கட்டும் நிறமும் ஒருவரது பதவியையும் சமயத்தையும் பறைசாற்றிய காலம் அது. அவ்வேறுபாடுகளை ஒரே செந்நிற வட்டத்தின் கீழ் மறைத்துவிடுவதே சுல்தானின் நோக்கம். பழமைவாதிகள் முணுமுணுத்தனர். உலமாக்களுக்கு மட்டும் தொப்பியைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிக்கொள்ள இடமளிக்கப்பட்டது. விளிம்பில்லாத தொப்பியாதலால் ஸஜ்தாவில் நெற்றி தரையைத் தொடத் தடையேதும் இல்லை. இது ஊன்றியதற்கு அதுவும் ஒரு காரணமாகும்.

ஆக, 'பண்டைய இஸ்லாமியச் சின்னம்' என்று பின்னாளில் கருதப்பட்ட இது, உண்மையில் ஒரு சீர்திருத்தவாத அரசரின் புதுமையே. இன்னொரு விந்தையும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தொப்பிகளைப் பெருமளவில் நெய்து அனுப்பியவை ஆஸ்திரியப் பேரரசின் ஆலைகள். பொஹீமியாவின் ஸ்ட்ராகோனிட்ஸே நகரம் இத்தொழிலுக்குப் பேர்போனது. 1908இல் ஆஸ்திரியா பொஸ்னியாவை இணைத்துக்கொண்டபோது இஸ்தான்பூல் மக்கள் ஆஸ்திரியச் சரக்குகளைப் புறக்கணித்தனர். தம் தலையில் இருப்பதே ஆஸ்திரியச் சரக்கு என்று கண்டு, பலர் அதைக் கழற்றிவிட்டு வேறு தொப்பிக்கு மாறினர்.

தமிழ் கூறும் முஸ்லிம்களிடையே இதனைப் பெருமைக்குரிய அணியாக்கியவர் எகிப்திய விடுதலைத் தலைவர் அஹ்மத் ஒராபி பாஷா. ஆங்கிலப் படையிடம் 1882இல் தோல்வியுற்ற அவர், மற்ற ஆறு பாஷாக்களுடன் நாடு கடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பு வந்து சேர்ந்தார். 1901 வரை கொழும்பிலும் கண்டியிலும் வாழ்ந்தார். வெள்ளையரை எதிர்த்து நின்ற ஒரு முஸ்லிம் தளபதி தம் தெருவழியே தொழுகைக்குச் செல்வதைக் கண்ட மக்களுக்கு, அவர் தலையில் இருந்ததும் சாதாரணத் துணியாகத் தோன்றியிருக்க முடியாது. அதே ஆண்டுகளில் அறிஞர் சித்திலெவ்வை 1882இல் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' இதழ் வழியே நவீனக் கல்வியை வற்புறுத்தி வந்தார்; 1892இல் மருதானையில் பின்னாளின் ஸாஹிராக் கல்லூரி உருவாயிற்று. ஆங்கிலக் கல்வி கற்ற, மேற்சட்டையும் காலணியும் அணிந்த, ஆனால் தலையில் மட்டும் துருக்கித் தொப்பி தரித்த ஒரு புதிய தலைமுறை தோன்றியது. அத்தலைமுறையின் வழக்கறிஞர்தான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த எம்.சி. அப்துல் காதர்.

1905 மே 2ஆம் நாள். கொழும்பு உச்ச நீதிமன்றத்தில் அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் எழுந்து நின்றார். தலைமை நீதியரசர் சர் சார்ள்ஸ் லேயார்ட் அதனை ஏற்க மறுத்தார். அப்துல் காதரோ தொப்பியைக் கழற்ற மறுத்தார்.

இம்மோதலின் ஆழத்தை உணர, இரு நாகரிகங்களின் மரியாதை முறைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பியன் பெரியோர்முன் தலையைத் திறப்பான், காலணியைக் கழற்றமாட்டான். நம் நாட்டவர் தலையை மூடிக் காலைத் திறப்பர். ஆங்கிலேயர் இந்தியாவில் கால் பதித்த நாள் முதல் இக்குழப்பம் இருந்து வந்தது. 1854இல் தலைமை ஆளுநரின் ஆணை ஒன்று, ஐரோப்பிய முறைக் காலணி அணிந்து வரும் இந்தியக் கனவான்கள் அரசு நிகழ்ச்சிகளில் அதைக் கழற்ற வேண்டியதில்லை என்று விட்டுக்கொடுத்தது. தலையும் மூடியிருக்க, காலும் மூடியிருக்க ஒருவர் நிற்பது ஆளுவோருக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. அப்படி நிற்பவன் இரு முறைகளில் எதற்கும் பணியாதவனல்லவா?

சென்னை உயர் நீதிமன்றத்தில் இதற்கு வேறொரு தீர்வு நிலவியது. அந்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி சர் தி. முத்துசாமி ஐயரின் பளிங்குச் சிலை அவ்வளாகத்தில் இன்றும் அமர்ந்திருக்கிறது. தலையில் பாகை, காலில் செருப்பில்லை. மயிலாப்பூரிலிருந்து நாள்தோறும் அந்நீதிமன்றம் சென்ற வி. பாஷ்யம் ஐயங்கார், எஸ். சுப்பிரமணிய ஐயர், பி.எஸ். சிவசாமி ஐயர் போன்ற பெரும் வக்கீல்களின் படங்களிலும் தலைப்பாகையைக் காண்கிறோம். அதை இறக்கச் சொல்லி அவர்களுடன் எவரும் வழக்காடவில்லை. (மயிலாப்பூரின் கச்சேரி சாலையைப் பாட்டுக் கச்சேரியோடு இணைத்துப் பேசுவோர் உளர். கச்சேரி என்பது அக்காலத்தில் அரசு அலுவலகத்தையும் நீதி மன்றையும் குறித்த சொல். அந்தச் சாலையில்தான் பள்ளிவாசலும் இருக்கிறது.) சென்னையில் வழக்கமாக நடந்த ஒன்று கொழும்பில் குற்றமானது ஏன் என்னும் கேள்வி அன்றைய முஸ்லிம்களை உறுத்தியிருந்தால் அதில் வியப்பில்லை.

தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த ஒன்றும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1893இல் டர்பன் நீதிமன்றத்தில் இளம் வழக்கறிஞர் காந்தியின் தலைப்பாகையை இறக்குமாறு நடுவர் கூறினார். காந்தி மறுத்து வெளியேறினார். மறு ஆண்டு நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்தபோது, தலைமை நீதியரசர் கேட்டுக்கொண்டபடி அதை இறக்கிவிட்டார். பெரிய போராட்டங்களுக்கு வலிமையைச் சேமித்துக்கொள்ளவே அவ்வாறு செய்ததாக அவர் பின்னர் விளக்கினார். அதே 1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி, முதலாளியிடம் அடிபட்டு, தலைத்துணியைக் கையில் ஏந்தியவாறு அவர் அலுவலகத்துள் நுழைந்தார். வெள்ளையர்முன் அப்படித்தான் நிற்க வேண்டும் என்று பழக்கப்பட்டிருந்தார். அதைத் தலையில் கட்டிக்கொள்ளுமாறு காந்தி சொன்னார். தலைத்துணி என்பது அக்காலத்தில் வெறும் உடையாக இருக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கொழும்புக்குத் திரும்புவோம். மே மாதத்தில் தொடங்கிய கொதிப்பு அடங்கவில்லை. துருக்கித் தொப்பிக் குழு அமைக்கப்பட்டது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றோர் எழுத்திலும் மேடையிலும் முன்னின்றனர். 1905 டிசம்பர் 31ஆம் நாள் மருதானைப் பள்ளிவாசல் திடலில் கரீம்ஜீ ஜாபர்ஜீ தலைமையில் மாபெரும் கூட்டம் நடந்தது. பம்பாயிலிருந்து பாரிஸ்டர் மௌலவி ரபீயுத்தீன் அஹ்மத் வந்து உரையாற்றினார். இலங்கை முஸ்லிம்கள் ஓர் அரசியல் கோரிக்கைக்காக அதுவரை இவ்வளவு பெரிதாகத் திரண்டதில்லை. தலைவர் போராச் சமூகத்து வணிகர், பேச்சாளர் பம்பாய்க்காரர், வழக்கின் நாயகர் யாழ்ப்பாணத் தமிழ் முஸ்லிம். பிரிந்து கிடந்தோரைச் சேர்த்தது ஒரு கம்பளித் துண்டு. இறுதியில், முஸ்லிம் வழக்கறிஞர்கள் தொப்பியுடனேயே நீதிமன்றத்தில் நிற்கும் உரிமை ஏற்கப்பட்டது.

இவ்வெற்றியைப் போற்றுவோர் அதன் மறுபக்கத்தைப் பெரும்பாலும் பேசுவதில்லை. பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டிருந்தார். சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்னும் கேள்வியோடு பிணைந்த வாதம் அது. அதனை மறுத்து அப்துல் அஸீஸ் 1907இல் நூலாகவே வெளியிட்டார். தொப்பிப் போராட்டம் இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையில் நிகழ்ந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் நாங்கள் வேறு என்று சொல்ல விரும்பிய சமுதாயத்துக்குத் தூரத்திலிருந்தே தெரியும் ஓர் அடையாளமாகத் தொப்பி பயன்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. 'முஸ்லிம் நேசன்' தமிழில் வந்தது, வீட்டுமொழி தமிழ். தலையணி மட்டும் இஸ்தான்பூலை நோக்கியது. அது தந்த தன்மானம் உண்மையானது. அது வரைந்த கோடும் உண்மையானதே. தமிழகத்து முஸ்லிம்களோ இப்படியொரு பிரிப்புக் கேள்விக்குத் தொப்பியால் விடை சொல்லும் நிலையில் இருக்கவில்லை. கிலாபத் இயக்க நாட்களில் துருக்கிப் பற்று இங்கும் பொங்கியது; பின்னர் கறுப்பு ரோமத் தொப்பி அரசியல் மேடைகளில் அவ்விடத்தைப் பிடித்தது.

இதற்குள் துருக்கியிலேயே காற்று திசை மாறிவிட்டது. 1925 நவம்பர் 25இல் அங்காரா நாடாளுமன்றம் ஃபெஸ்ஸைத் தடைசெய்து விளிம்புள்ள ஐரோப்பியத் தொப்பியைக் கட்டாயமாக்கியது. சட்டம் வருமுன்னரே ஐரோப்பியத் தொப்பியைக் கண்டித்து நூல் எழுதியிருந்த இஸ்கிலிப்லி ஆதிஃப் ஹோஜா 1926 பிப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். அணியுமாறு ஓர் அரசு ஆணையிட்டது. கழற்றுமாறு ஒரு நீதியரசர் கூறினார். கழற்றாவிடில் சிறை என்று அதே நாட்டின் அடுத்த அரசு சட்டம் இயற்றியது. இவ்வளவுக்குப் பின்னும் கொழும்பில் டி.பி. ஜாயாவும் சர் ராஸிக் ஃபரீதும் துருக்கித் தொப்பியோடுதான் பொதுவாழ்வில் வலம் வந்தனர். துருக்கியர் துறந்ததைத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் காத்தனர் என்று சொல்லலாம்.

வீட்டுப் பரணில் இத்தகைய தொப்பி கிடக்குமாயின் அதை எவ்வாறு படிப்பது? உட்புறத் தோல்பட்டையும் உச்சியின் உள் அச்சும் முதலில் பார்க்கத்தக்கவை. ஆஸ்திரியா என்னும் சொல் அங்கே இருந்தால், அது முதல் உலகப்போருக்கு முந்திய சரக்காக இருக்க வாய்ப்பு மிகுதி. அசல் தொப்பியில் தையல் தெரியாது. வெள்ளைக் கம்பளியில் தலையைவிடப் பன்மடங்கு பெரிதாகப் பின்னி, வெந்நீரில் துவைத்துச் சுருங்கவைத்து, முட்செடியின் காய்ந்த தலையால் சீவி மென்மையாக்கி, அதன் பின்னரே சாயம் ஏற்றுவர். அட்டையில் துணி ஒட்டிய மேடைத் தொப்பியிலிருந்து இதைப் பிரித்தறிய விரல் ஒன்றே போதும். சில தொப்பிகளில் உள்ளே விறைப்புக்காக நெய்த வைக்கோல் இருக்கும்.

அணிவோர் மழைக்கு அஞ்ச வேண்டும். நனைந்தால் வடிவம் குலையும், சாயமும் கசியும். கடற்காற்றுப்படும் சென்னை வீடுகளில் ஈரத்தைவிடப் பெரும் பகை அந்துப்பூச்சி. மடிக்காமல், உள்ளே தாளடைத்து, நிழலில் அவ்வப்போது காற்றாட வைத்தல் நன்று. துவைக்கவே கூடாது. குலைந்த வடிவைச் சீராக்க ஒரே வழி, சூடேற்றிய இரட்டைப் பித்தளை அச்சுகளுக்கிடையே ஈரத்துணியோடு வைத்து அழுத்துவதுதான். அக்காலத்து இஸ்தான்பூல் கனவான்கள் அடிக்கடி தொப்பிக் கடைக்குப் போய் இவ்வாறு அழுத்தி வாங்கிக்கொண்டனர். கெய்ரோவின் கூரிய்யா பகுதியில் இத்தொழிலின் எச்சம் இருக்கிறது. தூனிஸ் நகரத்துத் தொப்பிக் கடைவீதியில் மென்மையான பழைய வகையை இன்றும் முட்செடியால் சீவி விற்கிறார்கள்.