கரையில் காத்திருந்தவர்கள்



எதிரணியில் பேசிய தம்பி 'வாஸ்கோடகாமா, வாஸ்கோடகாமா'ன்னு பத்து தடவை சொன்னார். கைதட்டலும் வாங்கினார். அவர்கூட அண்ணன் பாலோடகாமாவும் தனிக் கப்பலில் வந்தாரே, அதைச் சொன்னாரா? நான் சொல்றேன்.

இந்தியாவிலிருந்து திரும்பும்போது அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டது. லிஸ்பனில் ராஜா காத்திருக்கிறார், பாராட்டு காத்திருக்கிறது. தம்பி என்ன செய்தார்? தன் கப்பலை இன்னொருத்தர் பொறுப்பில் அனுப்பிவிட்டு, அண்ணனை ஒரு சின்னக் கப்பலில் ஏற்றிக்கொண்டு, அட்லாண்டிக் நடுவே இருக்கிற டெர்செய்ரா தீவுக்குப் போனார். 1499-ல் அங்கேதான் அண்ணன் கண்ணை மூடினார். அங்க்ரா என்ற துறைமுக ஊரில் அடக்கம் செய்தார்கள்.

அந்தத் தீவு ஏன்? எல்லாம் காற்று செய்த வேலை. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவரும் பாய்மரக் கப்பல் நேராக லிஸ்பனைப் பிடிக்க முடியாது, எதிர்க்காற்று. மேற்கே விலகி, பெரிய வளைவு அடித்து, அசோர்ஸ் தீவுகள் பக்கம் வந்துதான் கிழக்கே திரும்பணும். கொச்சியில் மிளகு ஏற்றிக் கிளம்பி மாசக்கணக்கா ஆச்சு. தண்ணி கெட்டிருக்கும், பாய் கிழிஞ்சிருக்கும், மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசியும். லிஸ்பனுக்கு இன்னும் சுமார் 1500 கிலோமீட்டர் பாக்கி! கடல் கொள்ளைக்காரன் வேற எங்கேங்க பதுங்குவான்?

1527-ல் மன்னர் மூன்றாம் ஜான் அந்த அங்க்ராவில் ஓர் அலுவலகம் வைத்தார். கப்பற்படைகளின் கண்காணிப்பாளர் என்று பதவி. முதலில் உட்கார்ந்தவர் பெரோ அனெஸ் டோ கான்டோ. கப்பல் வருதா என்று பார்க்கணும், தண்ணியும் ரொட்டியும் இறைச்சியும் தயாராக வைக்கணும், கயிறு, பாய்மரம், தச்சன் எல்லாம் ஏற்பாடு பண்ணணும், லிஸ்பன் வரை பத்திரமாப் போக வழி செய்யணும். நடுவில் யாராவது மிளகு மூட்டையைக் கமுக்கமாக் கரையிறக்கினால் அதையும் பிடிக்கணும்!

எங்க அப்பா ஒரு பஸ் டிப்போ ஸ்டோரில் வேலை பார்த்தவர். ராத்திரி ரெண்டு மணிக்கு டயர் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து படுப்பார். இந்தக் கான்டோவைப் படித்தபோது எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

'பதவி அந்தக் குடும்பத்துச் சொத்தாகவே ஆயிடுச்சே'ன்னு எதிரணி கேட்கும். ஆமாம், ஆச்சு. அப்பனுக்குப் பின் மகன் வந்தான். அதை நான் நியாயப்படுத்த வரலை. ஆனால் 1534-ல் அந்தச் சின்ன ஊர் நகரமானதுக்கு, வந்துபோன கப்பல்கள்தானே காரணம்?

இன்னொண்ணு. 1589-ல் கோவாவிலிருந்து திரும்பிய லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர் அங்க்ராவில் இறங்கினார். புயலில் அங்கே மூழ்கிய கப்பலின் சரக்கை மீட்கும் வேலைக்காக ரெண்டு வருஷத்துக்கு மேல் தங்கினார். கப்பல்களைப் பார்த்தார், எழுதினார். 1596-ல் அவர் போட்ட புத்தகம் போர்ச்சுகல் பொத்திவைத்திருந்த கடல்வழியை ஊருக்கே காட்டிக்கொடுத்துவிட்டது. மிளகு மூட்டையைத் தேடிப் பிடித்தவர்களுக்கு, ஒரு மனுஷன் தலைக்குள்ளே வைத்துக்கொண்டு போனதைப் பிடிக்கத் தெரியலை!

வாஸ்கோடகாமா பேரைத் தம்பி பத்து தடவை சொன்னார். கான்டோ பேரை ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கள் நடுவரே.