வகுப்பறைத் தொழில்நுட்பமும் செயல்வழிக் கற்றலும்

செயல்வழிக் கற்றல் என்பது மாணவர் தாமே செய்தும், பேசியும், விடை தேடியும், தம் பிழையைத் தாமே திருத்தியும் கற்கும் முறை. இதற்குத் துணைநிற்கும் கருவிகள் அச்சடித்த அட்டையில் தொடங்கிக் கைக்கணினி, திறன்பலகை வரை நீள்கின்றன.

தமிழ்நாட்டில் இம்முறை 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கியது. அன்றைய ஆணையர் எம். பி. விஜயகுமார் இதற்கு முன்னின்றார். மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி கிராமக் கல்வி மையத்தில் பத்மநாப ராவும் ரமாவும் பல வகுப்புக் குழந்தைகள் கலந்து பயிலும் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டைமுறை இதற்கு முன்மாதிரியானது. 2007-08இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் இது பரவியது.

அந்த வகுப்பறையின் அமைப்பே புதிதாக இருந்தது. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை. ஒவ்வொரு குழந்தைக்கும் அதில் ஓர் இடம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கற்றல் ஏணி; ஏணியின் படிகளில் விலங்கு, பறவை முதலிய சின்னங்கள். குழந்தை ஏணியைப் பார்த்துத் தனக்குரிய சின்னமுள்ள அட்டையைத் தானே எடுத்து, அந்தச் செயலை முடித்து, அடைவு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். ஆசிரியர் பாயில் அமர்ந்து ஒரு குழுவுக்கு உதவுவார். மற்றக் குழுக்களில் முன்னே சென்ற பிள்ளைகள் பின்தங்கியவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். வரைந்தவையும் எழுதியவையும் கம்பிப் பந்தலில் தொங்கும். காய்ச்சலிலோ திருவிழாவிலோ நாலு நாள் வராத குழந்தை, விட்ட அட்டையிலிருந்தே தொடர முடிந்தது. வேலை தேடி இடம்பெயரும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவியாக இருந்தது.

குறைகளும் இருந்தன. பல வகுப்புகளை ஒன்றாகக் கவனிக்கும் ஆசிரியருக்குப் பளு கூடியது; அட்டைகள் கிழிந்தன; பாடநூலைப் புரட்டாத பிள்ளை என்ன படிக்கிறது என்று பெற்றோர் கேட்டனர்.

மின்கருவிகள் பின்னரே பெருகின. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் (QR) அச்சிடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சி 2019இலும், மணற்கேணி என்ற கற்றல் செயலி 2023இலும் வந்தன. இடையே 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைக்கேற்பப் பிரித்தது; அவர்களின் நிலையைச் செயலிவழி மதிப்பிட்டது; கதை, பொம்மலாட்டம் போன்ற களங்களை வகுப்பறைக்குள் கொண்டுவந்தது. தொடக்கப்பள்ளிகளுக்கு 22,931 திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் என்ற அறிவிப்புகளும் வந்தன.

திறன்பலகையில் ஓர் ஆபத்து உண்டு. அட்டை குழந்தையை எழுந்து நடக்க வைத்தது. பெரிய திரை குழந்தையை மறுபடி வரிசையில் உட்கார வைத்துவிடும். காணொளியைப் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்டுக் குழுவாகப் பேசவிட்டு, பிறகு ஓட்டும் ஆசிரியரிடம் அதே திரை கற்றல் கருவியாகிறது. ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில் வளர்த்த சக மாணவர் கற்பித்தல் முறையும் இந்த வகையே: கேள்வி, தனி விடை, அண்டை மாணவரோடு வாதம், மறுபடி விடை. இப்படி எல்லோரிடமும் விடை வாங்க உதவும் பிளிக்கர்ஸ் என்ற செயலியில் மாணவரிடம் மின்கருவி ஏதும் தேவையில்லை. ஒவ்வொருவரும் தம் காகித அட்டையைத் தம் விடைக்கேற்பத் திருப்பிப் பிடிப்பர். ஆசிரியரின் கைப்பேசி அத்தனை விடைகளையும் ஒரே வீச்சில் படித்துவிடும். நாற்பது பேர் வகுப்பில் கூச்சமுள்ள பிள்ளையின் விடையும் எண்ணிக்கையில் சேர்கிறது.

உள்ளூர்த் தொழிலும் செயல்வழிக் கற்றலுக்கு நல்ல கருவி. ஆரணியைச் சுற்றி முள்ளிப்பட்டு போன்ற பட்டு நெசவூர்களில் ஜக்கார்டு பெட்டியைத் தறிமேல் பார்த்து வளரும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பெட்டியில் ஓடும் அட்டையில் ஓரிடத்தில் துளை இருந்தால் அதற்குரிய பாவு இழை எழும், இல்லாவிட்டால் எழாது. 1804இல் பிரான்சின் ஜக்கார்டு என்பவர் செம்மைப்படுத்திய இந்த ஏற்பாட்டையே 1830களில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கீட்டு இயந்திரத்துக்குக் கட்டளையிடும் வழியாக எடுத்துக்கொண்டார். இதை வகுப்பிலும் செய்து பார்க்கலாம். கட்டத்தாளில் புடவையின் ஒரு மாங்காய்ப் புட்டாவை வரைந்து, நிரப்பிய கட்டத்துக்கு 1, வெற்றுக் கட்டத்துக்கு 0 என்று வரிவரியாக எழுதி, அந்த எண்களை மட்டும் அடுத்த குழுவிடம் கொடுத்தால், அவர்கள் படத்தைப் பார்க்காமலே புட்டாவை மீட்டெடுக்கலாம். பிறகு அதே எண்களைப் பள்ளிக் கணினியின் விரிதாளில் இட்டு வண்ணமேற்றலாம். எங்கோ ஓர் எண் தவறினால் புட்டாவில் ஓட்டை விழும். அது எந்த வரி என்பதைப் பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிப்பார்கள்.