மணியாய் மாறிய மன்றாட்டு

ஆங்கிலத்தில் ‘பீட்’ என்றதும் நம் மனத்தில் தோன்றுவது, துளையிட்டுக் கயிற்றில் கோத்த சிறு மணி. வியர்வைத் துளியையும், துப்பாக்கி முனையில் குறிபார்க்க உதவும் குமிழையும்கூட ஆங்கிலேயர் அச்சொல்லால் குறிப்பர். ஆயினும் அச்சொல் பிறந்தது மணியில் அன்று, மன்றாட்டில். பழைய ஆங்கிலத்தில் ‘யெபெட்’ என்றால் செபம். ஜெர்மானியர் இன்றும் செபத்தைக் ‘கெபேட்’ என்றே வழங்குகின்றனர்.

செபம் மணியானது எவ்வாறு? இடைக்காலத் துறவியர் 150 சங்கீதங்களையும் ஓதினர். எழுத்தறியாத எளியோர் அவற்றுக்கு ஈடாகக் கர்த்தர் கற்பித்த செபத்தை 150 முறை சொல்லி வந்தனர். எண்ணிக்கை தவறாதிருக்க மணிக்கோவை உதவிற்று. 1067ஆம் ஆண்டளவில் இறந்த கோடைவா சீமாட்டி, தாம் விரலால் தொட்டு எண்ணிச் செபித்த மணிக்கற்களின் கோவையைக் கவெண்ட்ரி மடத்திலிருந்த தேவதாயின் சுரூபத்திற்கு அணிவிக்குமாறு விட்டுச்சென்றார் என்று, 12ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் மாம்ஸ்பரி வில்லியம் எழுதியுள்ளார். ‘செபங்களை எண்ணுதல்’ என்ற தொடர் நாவில் பழகப் பழக, எண்ணப்படுவது செபமா மணியா என்ற வேறுபாடு மங்கியது. 14ஆம் நூற்றாண்டில் ‘பீட்’ மணியையும் குறிக்கலாயிற்று. (தமிழில் நாம் ‘செபமாலை’ என்றதால் இக்குழப்பத்திற்கு இடமின்றிப் போயிற்று!)

பழம்பொருள் உடனே மறைந்துவிடவில்லை. மரித்தோருக்காக மன்றாடும்படி கோவிலில் வாசிக்கப்பட்ட பெயர்ப்பட்டியல் ‘பீட் ரோல்’. கொடையாளருக்காகச் செபிக்கும் கடமை ஏற்று அறச்சாலையில் வாழ்ந்த ஏழை ‘பீட்ஸ்மேன்’.

1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் விடுத்த ஆணை, பொருள் உணராமலும் மனம் பதியாமலும் மணிகளை உருட்டுவதைக் கண்டித்தது. கண்டித்தவரின் நோக்கம் எதுவாயினும், கண்டனம் முழுவதும் பொய் என்று நாம் தள்ளிவிட இயலுமா? 1571இல் முதலாம் எலிசபெத் அரசியின் பாராளுமன்றம் இயற்றிய சட்டமோ கண்டனத்தோடு நிற்கவில்லை. உரோமையிலிருந்து வந்த செபமணிகளைப் பிறர் பயன்பாட்டிற்கு வழங்கியவரும், அவ்வெண்ணத்தோடு பெற்றுக்கொண்டவரும், உடைமை இழந்து சிறைப்பட நேர்ந்தது.

மரித்தோர் பட்டியல்கள் கோவில்களில் ஓய்ந்தன. ‘பீட்’ என்ற சொல்லும் காலப்போக்கில் நகைப்பெட்டிக்கும் தையற்காரரிடமும் போய்ச் சேர்ந்தது. எனினும் அதே வேரில் கிளைத்த மற்றொரு சொல் பீடத்தை விட்டு அகலவில்லை. திருப்பலியில் நாம் எழுப்பும் விசுவாசிகளின் மன்றாட்டை இங்கிலாந்துக் கத்தோலிக்கர் இன்றும் ‘பிடிங் பிரேயர்ஸ்’ என்றே அழைக்கின்றனர்.